கடலோரக் கூரையில் கட்டு நிற்கவில்லை: உதவி தேவை

பொள்ளாச்சியிலிருந்து தென்னந்தடுக்கு ஏற்றிச் சென்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவக் குப்பத்தின் சாயலில் அமைந்த ஓர் அமைதியான கடற்கரை விடுதியின் குடில்களுக்கு நாங்கள் தை மாதத்தில் வேய்ந்த கூரையில், கடலைப் பார்த்த சரிவில் மட்டும் தடுக்குகள் கீழே இறங்குகின்றன. தடுக்கு கெடவில்லை, கட்டுக்கம்பிதான் உப்புக்காற்றில் துருவேறி, விரலால் நெருடினாலே உதிர்கிறது. துத்தநாகம் பூசிய கம்பியும் முறுக்கிய இடத்தில் பூச்சு விட்டுத் துருப்பிடித்தது. நைலான் கயிறு வெயிலில் நைந்தது. அதன் நீல நிறம் குப்பத்துக் குடிலுக்குப் பொருந்தாது என்று உரிமையாளரும் மறுத்தார், அது நியாயமே. கட்டுமரத்தைப் பிணைக்கும் கயிற்றை அவிழ்த்துக் காயவைத்து மீண்டும் கட்டலாம். கூரையில் அது நடவாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கட்டுகளை மாற்றியாக வேண்டும். தார் தோய்த்த தேங்காய்நார்க் கயிறு, பனைநார் ஆகிய இரண்டில் கடலோரக் கூரையில் எது அதிக நாள் தாங்கும்?