ஸ்லோ குக்கர்ல ஆப்பிள் பட்டர்: பத்து மணி நேரம் காத்திருந்து சூப் குடிச்ச கதை

ரெண்டாவது பேட்ச்

எல்லாருக்கும் வணக்கம். பேர்ல பட்டர் இருக்கு, ஆனா ஒரு துளி வெண்ணெய் கூட கிடையாது, வெறும் ஆப்பிள் தண்ணி வத்தி வத்தி ரொட்டியில தடவுற பதத்துக்கு வர்றதுதான்னு தெரிஞ்சப்போவே எனக்கு ஆசை வந்துடுச்சு. ஸ்லோ குக்கர் (விசில் அடிக்கற குக்கர் இல்ல, கரண்ட்ல மணிக்கணக்கா மெதுவா வேக வைக்கற பாத்திரம்) வேற சும்மா அலமாரியில தூங்கிட்டு இருந்துச்சு. 3 கிலோ ஆப்பிள், தோல் சீவி நடுவுல இருக்கற விதைப்பகுதி எடுத்து நறுக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, கட்டை விரல்ல கொப்புளம் வேற. பிரவுன் சுகர் ஒன்றரை கப், பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, எல்லாத்தையும் போட்டு மூடி, லோவுல வச்சுட்டுப் படுத்துட்டேன்.

காலையில வீடே மணக்குது. அடடான்னு ஓடிப்போய் மூடியத் திறந்தா... சூப்பு. நல்ல வாசனையான, வெளிர் மஞ்சள் சூப்பு. கரண்டிய விட்டா தண்ணி மாதிரி ஓடுது. இன்னும் ரெண்டு மணி நேரம் வச்சேன், அப்பவும் அதேதான். கடைசியில டம்ளர்ல ஊத்தி ஆளுக்குக் கொஞ்சம் குடிச்சோம். நான் எங்க தப்பு பண்ணேன்? உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா, சொல்லுங்களேன்.

மூடி திறந்தவன்

சகோ, நீங்க ஒரு தப்பும் பண்ணல, குக்கர் அதோட வேலையைச் செஞ்சிருக்கு, அவ்ளோதான் 😄 எனக்கும் முதல் ரெண்டு தடவை இதே சூப்புதான், ரெண்டாவது தடவை கோவத்துல ஹையில வச்சுப் பார்த்தேன், அப்பவும் சூப்பு. அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். ஆப்பிள்ல நூத்துக்கு 85 பங்கு கிட்ட தண்ணி. ஸ்லோ குக்கரோ தண்ணி வெளிய போகக் கூடாதுன்னே செஞ்ச சாமான். ஆவி மேல போகுது, மூடியில பட்டுக் குளுந்து சொட்டுது, திரும்ப உள்ளயே விழுது. இர்விங் நாக்சன்னு ஒருத்தர் 1940-ல இதுக்கு பேட்டன்ட் வாங்கினப்போ மனசுல இருந்தது பீன்ஸ் மாதிரி நிதானமா வேகுற அயிட்டம்தான், அதுக்குத் தண்ணி வத்தாம இருக்கறது நல்லது. நமக்கு வேணும்கிறது அதுக்கு நேர் எதிர். ஹையில வச்சாலும் பெருசா மாறாது, ஏன்னா நிறைய மாடல்ல லோவும் ஹையும் கடைசியில போய் நிக்கிற சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான், கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழ, ஹை சீக்கிரம் போய்ச் சேரும் அவ்ளோதான்.

நான் இப்ப பண்றது: முதல் 8 மணி நேரம் மூடி போட்டே வேகட்டும், அது பழம் குழைய மட்டும்தான். அப்புறம் மசிச்சுட்டு, பாத்திரத்தோட விளிம்புல ரெண்டு மரக்கரண்டிய குறுக்க வச்சு அது மேல மூடிய உக்கார வச்சுடுவேன், ஒரு விரல் அளவு இடைவெளி கிடைக்கும். ஹையில வைப்பேன். அரை மணிக்கு ஒரு தடவை கிண்டணும். இந்த ரெண்டாவது கட்டம்தான் நிஜ சமையல், 3 மணி நேரமும் ஆகும் 5 மணி நேரமும் ஆகும், ஆப்பிளப் பொறுத்தது. முழுசாத் திறந்து போட்டுடாதீங்க, கெட்டியாக ஆரம்பிச்சதும் எரிமலைக் குழம்பு மாதிரி ப்ளப் ப்ளப்னு தெறிக்கும், என் சுவத்துல இன்னும் கறை இருக்கு.

தூங்காத கரண்டி

மேல சொன்னது நூத்துக்கு நூறு. நான் மரக்கரண்டிக்குப் பதிலா மூடிக்கு அடியில ஒரு சுத்தமான பருத்தித் துணிய இழுத்துக் கட்டி மூடுவேன், சொட்டுற தண்ணிய அது உறிஞ்சிடும், நனைஞ்சதும் வேற துணி மாத்தணும். துணியோட ஓரம் கீழ சூடான பக்கம் தொங்காம மேல முடிஞ்சு விட்டுடுங்க.

என் கதை வேற. என்னோடது கிராம்பு. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் ஆரம்பத்துலயே போட்டேன், கிராம்புத்தூள் ரெண்டு ஸ்பூன். ருசி பார்த்தப்போ சரியாதான் இருந்துச்சு! ஆனா அது அண்டா நிறைய இருந்தப்போ பார்த்த ருசி. தண்ணி வத்தி பாதியானதும் மசாலா மட்டும் வத்தல, அது அப்படியே இருக்கு, அப்போ காரம் ரெண்டு மடங்கு ஆகும்ல. வாயில வச்சதும் நாக்கு மரத்துப் போச்சு. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு "பல் டாக்டர் ரூம்ல உக்காந்த மாதிரி இருக்கு"ன்னாரு. தப்பில்ல, கிராம்புல இருக்கற யூஜினால்தான் பல்வலித் தைலத்துலயும் இருக்கு. இப்போல்லாம் 3 கிலோ பழத்துக்குக் கிராம்புத்தூள் கால் ஸ்பூன், அதுவும் கடைசி ஒரு மணி நேரத்துலதான். சர்க்கரையும் அதே கணக்கு, பாதி முதல்ல, மீதிய கெட்டியானப்புறம் ருசி பார்த்து. பல தடவை அந்த மீதி தேவையே படல.

ஒரு கை கட்டு

மசிக்கற இடத்துல ஜாக்கிரதை மக்களே!! நான் கொதிக்கக் கொதிக்க மிக்ஸி ஜார்ல முக்கால்வாசி ஊத்தி மூடி போட்டு ஆன் பண்ணேன், ஒரே செகண்டு, டம்முனு மூடி எகிறி கூரையில பட்டுச்சு, மணிக்கட்டுல சூடான கூழு. உள்ள ஆவி மாட்டிக்கிட்டா அதுக்குப் போக வேற வழி இல்ல பாருங்க. இது சாதாரணத் தண்ணி பட்ட மாதிரி இல்ல, சர்க்கரைக் கூழு தோல்லயே ஒட்டிக்கிட்டுச் சுடும், உதறினாலும் போகாது. உடனே குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் கைய நீட்டிட்டு நின்னேன், அதனாலதான் பெரிய கொப்புளமாகாம தப்பிச்சேன்னு டாக்டர் சொன்னாங்க. இப்போ ஹேண்ட் பிளெண்டர் வாங்கிட்டேன், பாத்திரத்துலயே விட்டு அடிக்கலாம், ஆனா தலைப்பாகம் முழுசா மூழ்கி இருக்கும்போது மட்டும் ஆன் பண்ணுங்க, ஆஃப் பண்ணிட்டு வெளிய எடுங்க. மிக்ஸிதான் இருக்குன்னா நல்லா ஆற விட்டு, பாதிக்கு மேல போகாம.

தோலோட போடறவ

அக்கா கை இப்ப எப்படி இருக்கு?

நான் சோம்பேறி, தோலே சீவறதில்ல. தோல்லதான் பெக்டின் நிறைய, கூழு சீக்கிரம் கெட்டியாகுது, நிறமும் கொஞ்சம் செவப்பா வருது. ஹேண்ட் பிளெண்டர்ல அடிச்சா சின்னச் சின்னச் சுருள் தட்டுப்படும், எனக்குப் பிரச்சனை இல்ல, வேணாம்னா சல்லடையில தேய்ச்சு எடுத்துடுங்க. விதைய மட்டும் கட்டாயம் எடுத்துடணும், அரைபட்டா கசக்கும், உடம்புக்கும் நல்லதில்ல.

ஆப்பிள் வகையப் பத்தி யாருமே சொல்லலையே? மெக்கின்டாஷ் மாதிரி மெத்துனு இருக்கற பழம் சீக்கிரம் கரைஞ்சுடும். கிரானி ஸ்மித் மட்டும் போட்டா புளிப்பு தூக்கும், சர்க்கரை கூட இழுக்கும். காலா, ஃபியூஜி மட்டும்னா வெறும் இனிப்பு, ஒரு சுரணையே இருக்காது. ரெண்டு பங்கு இனிப்பு ஒரு பங்கு புளிப்புன்னு கலந்தா எனக்குப் புடிக்குது.

மூடி திறந்தவன்

நிறத்துக்கு ஒண்ணு விட்டுட்டேன். அந்த அடர் பிரவுன் வர பட்டைத்தூள் காரணம் இல்ல, பட்டையே போடாம பண்ணாலும் வரும். பழத்துல இருக்கற சர்க்கரையும் கொஞ்சநஞ்ச அமினோ அமிலமும் மணிக்கணக்குல சூட்டுல கிடந்து மெதுவா நிறம் மாறுது, தண்ணி வத்த வத்த அது வேகம் புடிக்கும். அதனால வெளிர் மஞ்சளா இருந்தா இன்னும் வத்தலன்னு கண்ணாலயே தெரிஞ்சுக்கலாம்.

ஓரம் கருகினவன்

எனக்குத் தூக்கம்தான் எதிரி. ரெண்டாவது கட்டத்த ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சுட்டு சோபாவுல சாஞ்சேன், முழிச்சப்போ மணி 5. நடுவுல அல்வா மாதிரி, சுத்தி ஓரமெல்லாம் கரி. ஸ்லோ குக்கர்ல சூடு பக்கச் சுவத்துல இருந்துதான் வருது, அதனால ஓரம்தான் முதல்ல புடிக்கும். நடுவுல மட்டும் மேலாப்புல அள்ளினா தப்பிக்கும், நான் அந்த ஓரத்தையும் சேத்துச் சொரண்டிக் கிண்டிட்டேன், மொத்தமும் கசப்பு. அந்த எரிச்சல்ல சூடான பீங்கான் பாத்திரத்துல குழாயத் திறந்து பச்சத்தண்ணி விட்டேன். டக்குனு ஒரு சத்தம். குறுக்க ஒரு கோடு. ஆப்பிளும் போச்சு பாத்திரமும் போச்சு.

தூங்காத கரண்டி

ஐயோ 😂 மன்னிச்சுக்கோங்க, அந்த "டக்கு"க்கு சிரிச்சுட்டேன்.

பூசணம் பாத்தவள்

செஞ்சு முடிச்சு வைக்கறதப் பத்தியும் சொல்லிடறேன். சர்க்கரை இருக்கே, கெடாதுன்னு நெனச்சு ஆறினதும் பாட்டில்ல போட்டு வெளியவே வச்சேன், ரெண்டு வாரத்துல மேல பச்சையா பஞ்சு மாதிரி. மேலாக்க எடுத்துட்டு மீதிய சாப்பிடலாம்னு ஒருத்தர் சொன்னாங்க, நான் மொத்தமா கொட்டிட்டேன், பூசணம் கண்ணுக்குத் தெரியாம உள்ள வரைக்கும் இறங்கியிருக்கும். இப்போ ஃப்ரிட்ஜுல வச்சா மூணு வாரத்துக்குள்ள காலி பண்ணிடறோம், மீதி ஃப்ரீசர். ஃப்ரீசர்ல வைக்கறப்போ மேல ஒரு இஞ்ச் காலியா விடுங்க, உறைஞ்சா உப்பும்.

வெளிய வைக்கணும்னா சீல் பண்றதுக்குன்னே வர்ற பாட்டில்தான், 10 நிமிஷம் கொதிக்க வச்ச பாட்டில்ல சூடாவே ஊத்தி, கால் இஞ்ச் இடம் விட்டு, மூடி போட்டு, கொதிக்கிற தண்ணிக்குள்ள முங்க வைக்கணும். அரை லிட்டருக்குள்ள இருக்கற பாட்டிலுக்கு 5 நிமிஷம், கடல் மட்டத்துல இருந்து 1000 அடிக்கு மேல இருக்கறவங்க 10, 6000 அடி தாண்டினா 15. ஆப்பிள்ல புளிப்பு இருக்கறதாலதான் இது போதும். இதே கணக்க நம்பி பூசணிக்காய் கூழ பாட்டில் பண்ணிடாதீங்க, அதுல புளிப்பு கிடையாது, அது ஃப்ரிட்ஜ் இல்லன்னா ஃப்ரீசர் மட்டும்தான்.

ரெண்டாவது பேட்ச்

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஞாயித்துக்கிழமை திரும்ப இறங்கினேன். தோல் சீவல (தோலோட போடறவளே, என் கட்டை விரல் உனக்கு நன்றி சொல்லுது). ரெண்டு பங்கு ஃபியூஜி, ஒரு பங்கு கிரானி ஸ்மித். மசிச்சப்புறம் மரக்கரண்டி ரெண்டு குறுக்க. முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்கல, மறுபடியும் சூப்புதான்னு முடிவே பண்ணிட்டேன். மூணாவது மணியில கரண்டி இழுத்த தடம் ஒரு செகண்டு நின்னு மறைஞ்சுது. நாலாவதுல மறையவே இல்ல. ஃப்ரீசர்ல வச்சிருந்த தட்டுல ஒரு ஸ்பூன் வச்சுப் பார்த்தேன், சுத்தி தண்ணி வளையம் பிரியாம குவியலா அப்படியே உக்காந்துருக்கு. நல்ல அடர் பிரவுன். கிராம்பு கால் ஸ்பூன்ல பாதிதான் போட்டேன், பயம்.

3 கிலோ பழத்துக்கு அஞ்சு சின்ன பாட்டில் வந்துச்சு. இப்போ நாலுதான் இருக்கு. போன தடவை சூப்பு குடிச்ச அதே ஆளுங்க இன்னிக்கு ஸ்பூனோட வரிசையில நிக்கிறாங்க, ஒரு பாட்டில ஃப்ரிட்ஜுல கீரைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன்.