"பால் பத்தலையோ?" என்று கேட்காத அந்த ஒருவர்

மூன்று மாதக் குழந்தையின் அம்மா:
பிரசவமாகி மூன்றாம் நாள் ராத்திரி. குழந்தை பத்து நிமிடம் குடிப்பாள், அப்படியே தூங்கிவிடுவாள், கீழே கிடத்தினால் வீறிட்டு அழுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "பால் பத்தலையோ?" நாலாவது ஆள் கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அமுக்கிப் பார்த்தால் மஞ்சளாக நாலு சொட்டு. இதை வைத்துக்கொண்டு ஒரு உயிரை எப்படி வளர்ப்பது?

இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "இன்னிக்கு எத்தனை தடவை ஒன்னுக்குப் போனா?" என்றார். மூன்று என்றேன். "மூணாம் நாளுக்கு மூணு. சரியாத்தான் இருக்கு." அப்புறம் கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஒரு சின்னக் கரண்டி அளவுதான் கொள்ளும், சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தாலே அதற்குப் போதும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பால் நன்றாக இறங்கிவிடும், அறுவை சிகிச்சை என்றால் சிலருக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நனைக்க வேண்டும், அதை எண்ணு, அழுகையை எண்ணாதே என்றார்.

நான் குழந்தையை நோக்கிக் குனிந்துகொண்டிருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையை என் பக்கம் கொண்டுவரச் சொன்னார். காம்புக்கு நேராக அவள் மூக்கு. கொட்டாவி விடுகிற மாதிரி வாய் பெரிதாகத் திறக்கும்வரை பொறு, திறந்ததும் முகவாய் மார்பில் முதலில் படும்படி அணைத்துக்கொள் என்றார். எட்டாவது முயற்சியில் பிடித்தாள். விழுங்குகிற சத்தம் கேட்டது. நான் அழுதேன், அது வேறு அழுகை.

உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்தார்களா?

இரண்டு பெண்களின் அம்மா:
எனக்குக் கிடைத்த அறிவுரை, "வலிக்கும், பழகிடும்." பழகவில்லை. ஒன்பதாம் நாள் காம்பு வெடித்து, குழந்தை கக்கியதில் சிவப்புக் கோடு. அலறியடித்துக்கொண்டு போனோம். ரத்தம் என் காம்பிலிருந்து வந்தது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அங்கிருந்த தாய்ப்பால் ஆலோசகர் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார், அங்கே குறையில்லை. காம்பை மட்டும்தான் அவள் கவ்வியிருக்கிறாள், சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போக வேண்டும் என்றார். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, சுண்டு விரலைக் கடைவாய் ஓரம் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி வை என்று செய்து காட்டினார். ஒரு வாரத்தில் புண் ஆறியது. பழகிடும் என்று சொன்னவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ராத்திரி ஷிப்ட் அப்பா:
ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. என்னிடம் பால் இல்லை, தோள் இருக்கிறது. குடித்து முடித்ததும் வாங்கி ஏப்பம் விட வைப்பது, நாப்கின் மாற்றுவது, மனைவிக்குத் தண்ணீர் எடுத்துவைப்பது. மூன்றும் என் வேலை. அவ்வளவுதான்.

காய்ச்சலில் கிடந்தவள்:
ஆறாவது வாரம் ஒரு பக்க மார்பு கல்லாகிச் சிவந்து, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். "பால் கெட்டுப்போச்சு, நிறுத்து" என்றார்கள். கட்டியைக் கரைக்கிறேன் என்று நான் வேறு அழுத்திப் பிசைந்து வீக்கத்தை அதிகமாக்கியிருந்தேன். மருத்துவர் சொன்னது நேரெதிர்: பால் கெடவில்லை, தொடர்ந்து கொடு, பிசையாதே, துணியில் சுற்றிய ஐஸ் வை. பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். சட்டென்று நிறுத்தியிருந்தால் பால் தேங்கி இன்னும் மோசமாகியிருக்கும் என்றார். இப்படிக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பம்ப்போடு அலுவலகம் போகிறவள்:
ஆறாவது வாரத்தில் மார்பு திடீரென்று தளர்ந்துவிட்டது. பால் எடுக்கும் பம்ப்பில் வந்தது 30 மில்லிதான். சாயங்காலம் முழுக்கக் குழந்தை மடியைவிட்டு இறங்கவில்லை. சரி, கதை முடிந்தது என்று பவுடர் பால் வாங்கக் கிளம்பிவிட்டேன். அக்கா தடுத்தாள். "எடை ஏறுதா? நனைக்கிறானா? அப்புறம் என்ன?" குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும், பம்ப்பில் வருவதை வைத்து மார்பில் உள்ளதை அளக்காதே என்றாள். எடை நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது.

வேலைக்குத் திரும்பியபின் பால் எடுக்க எனக்குக் கிடைத்த இடம் கழிவறை. மூத்த சக ஊழியர் ஒருவர் ஒன்றும் பேசாமல் ஒரு சின்ன அறையின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். கதவுப் பக்கம் வைக்காதீர்கள், உள்ளே தள்ளி வையுங்கள்.

கலந்து கொடுத்த அம்மா:
எல்லாரும் ஜெயித்த கதை சொல்கிறீர்கள், என் கதையும் இருக்கட்டும். எனக்கு முன்பே மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மூன்று வாரமாகியும் குழந்தை பிறந்தபோதிருந்த எடைக்குத் திரும்பவில்லை, இரண்டு வாரத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். "மனசு வச்சா வரும்" என்றார்கள். மனசு வைக்காமலா ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து பால் எடுத்தேன்? குழந்தையின் வயிறு நிறைய வேண்டும், அதுதான் முதல் விஷயம், உன்னிடம் வருகிற பாலை அப்புறம் காப்பாற்றுவோம் என்று மருத்துவர் சொன்னபோதுதான் நெஞ்சு லேசானது. முதலில் மார்பு, பிறகு பவுடர் பால். இப்படியே பதினோரு மாதம் ஓடியது.

மூன்று மாதக் குழந்தையின் அம்மா:
கலந்து கொடுத்த அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

போன வாரம் குழந்தை பெற்ற தோழியைப் பார்க்கப் போனேன். தொட்டிலில் அழுகை. "பால் பத்..." என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது! விழுங்கிக்கொண்டு, "இன்னிக்கு எத்தனை நாப்கின் நனைஞ்சுது?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.