பள்ளிக்கரணை மூடுபனிப் படம் சாம்பலாக வந்திருக்கிறது, எப்படி வெட்டுவது? அவசரம்

மேடவாக்கம் மின்மினி:
வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் காலையில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். நேரில் பனி அவ்வளவு அழகாக இருந்தது. படத்திலோ அழுக்கு வேட்டியைப் போர்த்தியதுபோல் மங்கிக் கிடக்கிறது. எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாக் கண்காட்சிக்கு நாளைக் காலை பிரிண்ட் கொடுத்தாக வேண்டும். மேலே வானம் நிறைய இருக்கிறது. நாரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடலாமா? உடனே யாராவது சொல்லுங்கள்.

நீர்க்கோழி:
எத்தனை மணிக்கு எடுத்தது? எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள்? ராவா (கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் ஃபைல்), ஜேபெக்கா (சுருக்கிய ஃபைல்)? பிரிண்ட் என்ன அளவு? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

குரோம்பேட்டை லாந்தர்:
லென்ஸில் நீர் படிந்திருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் இப்படித்தான் வரும். பையைத் திறக்காமல் சிறிது நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு எடுக்க வேண்டும்.

கொசஸ்தலை:
லாந்தர் அண்ணா, அது மே மாதத்துக் கதை. வெளிக்காற்றின் ஈரம் நீராகும் அளவுக்குக் கண்ணாடி குளிர்ந்திருந்தால்தான் நீர் படியும். ஜனவரி விடியலில் சென்னையில் வெளியேதான் குளிர் அதிகம். 24 டிகிரி ஏசி அறையிலிருந்து வரும் லென்ஸ் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். அது மட்டுமல்ல, படத்தில் நாணல் நுனிகள் கூர்மையாகத் தெரிகின்றன. நீர் படிந்திருந்தால் அவையும் குழம்பியிருக்கும்.

பெருங்குடிவாசி:
இது பனியே இல்லை, புகை. இந்தப் பக்கம் யாராவது குப்பையைக் கொளுத்தாத நாள் உண்டா? பழுப்பு நிறத்தைப் பாருங்கள்.

பழைய ஃபிலிம்:
தம்பி, இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் கேமரா வாங்கிவிடுகிறார்கள். வெட்டலாமா என்று கேட்கும்போதே ஃபிரேமைக் கண்ணால் பார்க்காமல் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எதை உள்ளே வைப்பது, எதை விடுவது என்பதை நிற்கும் இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் தன் படத்தை வெட்ட விடமாட்டார். முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கொசஸ்தலை:
ஐயா, பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டும் படம், 1932-ல் அவர் எடுத்தது, வெட்டப்பட்ட படம்தானே?

பழைய ஃபிலிம்:
அது வேலி இடுக்கு வழியாக எடுத்தது. பலகை ஓரத்தில் விழுந்துவிட்டதால் வேறு வழியில்லை. விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்காதீர்கள்.

கொசஸ்தலை:
சதுப்பு நிலத்திலும் வேறு வழியில்லை. ராம்சார் தளம் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலம்) அது, 2022-லேயே அறிவித்துவிட்டார்கள். நாலடி முன்னே போய் ஃபிரேமைச் சரிசெய்ய நாணலை மிதித்துக்கொண்டு இறங்கச் சொல்கிறீர்களா? பறவை எழுந்து பறந்துவிடும். சாலையோரத்தில் நிற்பவருக்கு வெட்டுவதுதான் முன்னே நடந்துபோவதற்குச் சமம்.

பழைய ஃபிலிம்:
இறங்கச் சொல்லவில்லை. தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் நீள லென்ஸ் எதற்கு இருக்கிறது?

தாழம்புதர்:
எல்லோரிடமும் நீள லென்ஸ் இருக்குமா, ஐயா? ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில்கூட என்லார்ஜரில் (படத்தைப் பெரிதாக்கும் கருவியில்) வைத்து ஓரத்தைத் தள்ளித்தான் பிரிண்ட் போட்டார்கள். அப்போது யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை.

மேடவாக்கம் மின்மினி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ரா ஃபைல்தான். 24 மெகாபிக்சல். 12-க்கு 18 அங்குலம். ரேடியல் சாலையிலிருந்து தெற்கே பார்த்து எடுத்தது. எட்டரை மணி இருக்கும். எக்ஸ்போஷரை (ஒளி அளவை) நான் தொடவில்லை, கேமரா முடிவு செய்தது.

நீர்க்கோழி:
விஷயம் கிடைத்துவிட்டது. கேமராவின் மீட்டர் எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பலாக ஆக்கவே பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளைப் பனி இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். அங்கேயே ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரண்டு மடங்காக, கூட்டியிருக்க வேண்டும். ரா இருப்பதால் இப்போதும் கூட்டலாம். ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் நகரட்டும், வலது ஓரத்தில் முட்ட வேண்டாம்.

மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை முழுப் படத்துக்கும் இழுத்துவிடாதீர்கள். பனியைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது கட்டடங்களும் மின்கம்பிகளும்தான். முன்னால் உள்ள நாணலுக்கும் நாரைக்கும் மட்டும் பிரஷ்ஷால் சிறிது கருமை கொடுங்கள். அருகில் இருப்பது கறுத்தும் தொலைவில் இருப்பது வெளுத்தும் தெரிவதால்தான் பனிப்படத்தில் ஆழம் வருகிறது. அதனால்தான் நாரையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம் என்கிறேன். நாணல் போய்விட்டால் எவ்வளவு தூரம் என்றே கண்ணுக்குத் தெரியாது. பிக்சலும் போதாது: நாரை இருக்கும் பகுதி 1500 பிக்சல் அகலம்தான் தேறும், 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 83. சிறகு பிசிறடிக்கும்.

வலது ஓரத்தில் உயர் அழுத்த மின்கோபுரம் பாதி நிற்கிறது பாருங்கள். படத்திலேயே கறுப்பான பொருள் அதுதான். கண் முதலில் அங்கே ஓடுகிறது, நாரையிடம் வருவதே இல்லை. அதை வெட்டுங்கள், மேலிருந்து வானத்தையும் வெட்டுங்கள். கீழே ஒரு நாணலைக்கூடத் தொடாதீர்கள். நாரை இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்க்கிறது, பார்க்கும் பக்கம் வெற்றிடம் மிஞ்சட்டும். 12-க்கு 18 என்பதும் உங்கள் ஃபிரேமின் இரண்டுக்கு மூன்று விகிதம்தான். அதே விகிதத்தில் 4800-க்கு 3200 வரை வெட்டினாலும் அங்குலத்துக்கு 266 பிக்சல் கிடைக்கும். கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தாலும் குறை தெரியாது.

பெருங்குடிவாசிக்கு: பனியின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரேபோல் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. புகைத்துகள் மிகச் சிறியது. கறுப்புப் பின்னணியில் நீலமாகவும், ஒளிக்கு எதிரே பழுப்பாகவும் தெரியும். இந்தப் படத்தில் எல்லா இடமும் ஒரே பழுப்பு. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) தவறியிருக்கிறது, அவ்வளவே.

பெருங்குடிவாசி:
இருக்கலாம். ஆனால் மூக்கு பொய் சொல்லாது. இங்கே குடியிருந்து பார்த்தால் தெரியும்.

தாழம்புதர்:
எட்டரை மணி தாமதம். ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் ஆறரையை ஒட்டி எழும். அதே சாலையில் தெற்கே பார்த்து நின்றால் ஒளி இடது முன்பக்கத்திலிருந்து பாய்ந்து பனியில் அடுக்கு அடுக்காக விழும். எட்டரைக்கு அது மேலேறிவிடும், எல்லாம் தட்டையாகிவிடும். அடுத்த முறை இருட்டோடு கிளம்புங்கள். ஆட்டோ ஃபோகஸ் பனியில் பிடிமானமின்றி முன்னும் பின்னும் ஓடும், நாணல் விளிம்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபிலிம்:
நீர்க்கோழி சொன்ன எக்ஸ்போஷர் கணக்கு சரி. வெட்டும் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. மின்கோபுரத்தை அங்கேயே பார்த்திருந்தால் கேமராவைச் சிறிது இடப்பக்கம் திருப்பியிருக்கலாம், சாலையை விட்டு இறங்க வேண்டியதே இல்லை.

கொசஸ்தலை:
இந்த ஒன்றில் நீங்கள் சொல்வது சரி, ஐயா.

மேடவாக்கம் மின்மினி:
கோபுரமும் வானமும் போய்விட்டன. ஒரு ஸ்டாப் கூட்டினேன், பனி வெள்ளையானது. பிரிண்ட் கொடுத்தாயிற்று. நன்றி.

குரோம்பேட்டை லாந்தர்:
மேட் தாளா, பளபளப்புத் தாளா? குழல்விளக்குக்குக் கீழே மாட்டுவதானால் பளபளப்பு வேண்டாம், பனி இருக்கும் இடமெல்லாம் விளக்குதான் தெரியும். கடைக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள்.