நடைபாதைக்கும் மிதிவண்டித் தடத்துக்கும் நிதி எங்கிருந்து வரும்?

கேள்வி: நகரத் தெரு ஒன்றை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஏற்றவாறு மாற்றியமைக்க விரும்பும் நகராட்சி, புதிய வரி விதிக்காமல் அதற்கான பணத்தை எவ்வாறு திரட்டலாம்?

பதில் 1: சாலைக்கு மறுபடி தார் போடும் ஆண்டிலேயே வடிகால், மின்வடம், நடைபாதைப் பணிகளையும் சேர்த்துச் செய்தால், ஒரே இடத்தை இருமுறை தோண்டும் செலவு மிச்சமாகும், என் பார்வையில் இதுவே முதல் வழி.

பதில் 2: வாகன நிறுத்தக் கட்டணத்தையும் இத்தெருக்களுக்கே ஒதுக்கலாம். லண்டனில் நகர மையத்துக்குள் வரும் வாகனங்களிடம் 2003 முதல் வசூலிக்கப்படும் நெரிசல் கட்டணத்தின் நிகர வருவாய் போக்குவரத்துக்கே செலவிடப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

பதில் 3: கட்டுமானத்துக்குக் கடனோ மானியமோ பெற்றுவிட்டு, பராமரிப்பை மறந்துவிடாதீர்கள். கற்பலகை ஒன்று பெயர்ந்து இரண்டு விரற்கடை எழுந்து நின்றாலே, சக்கர நாற்காலியில் வருபவர் வண்டிகளுக்கு நடுவே சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது.