அறுவையின்போது கருவி நுனி எங்கே என்று ஸ்கேன் படத்தில் காட்டும் நேவிகேஷன் திரை ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று இருந்ததா? எழுதுங்கள்

பயிற்சி அறுவை மருத்துவர்:
பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சுரப்பி) கட்டி, மூக்கு வழியாக இரண்டாவது அறுவை. உள்ளே அடையாளம் சொல்லும் எலும்புகள் முதல் முறையே போய்விட்டன. எல்லோர் கண்ணும் திரையில்தான். பாயின்டர் (இடம் தொட்டுக் காட்டும் கருவி) நுனி சரியாக நடுக்கோட்டில் நிற்பதாகக் காட்டியது. தொடக்கத்தில் தலையை ஸ்கேன் படத்தோடு பொருத்திப் பதிவுசெய்தபோது பிழை 1.5 மி.மீ. என்று வந்திருந்தது, டிரில்லும் தயார். மூத்தவர் மட்டும் கையை எடுத்துவிட்டு, "டாப்ளர் கொடுங்க" என்றார். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் அதன் முனையை வைத்ததும் சர்... சர்... என்று கரோடிட், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி. திரைப்படி அது அங்கே இருக்கவே கூடாது. அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அரங்கச் செவிலி:
கருவி பொய் சொன்னதுபோல் எழுதுகிறீர்கள், அது சரியில்லை. கேமரா தலையைப் பார்ப்பதில்லை. தலையோடு சேர்த்து இறுக்கிய ரெஃபரன்ஸ் ஃபிரேமில் இருக்கும் பந்துகளைத்தான் பார்க்கிறது. டிரேப் (மறைப்புத் துணி) போடும்போது யார் முழங்கையாவது பட்டு ஃபிரேம் அசைந்திருக்கும். எனக்கு மறக்காதது ஒரு மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் கட்டி) அறுவை. பாயின்டர் குறி திரையில் நடுங்கிக்கொண்டே இருந்தது, எல்லோரும் கேமராவைச் சந்தேகித்தார்கள். ஒரு பந்தில் ரத்தம் தெறித்திருந்தது. துடைத்துக் கொடுத்தேன், நின்றுவிட்டது.

காது நரம்புக் கட்டி நோயாளி:
ஸ்கேனுக்கு முன் நேவிகேஷனுக்காகத் தலையைச் சுற்றி ஸ்டிக்கர் ஒட்டி, கழன்றாலும் இடம் தெரிய பேனாவால் வட்டம் போட்டார்கள். ராத்திரி புரண்டு படுக்கவே பயம். மயக்கம் தெளிந்ததும் டாக்டர் முதலில் கேட்டது, "கண்ணை இறுக்கி மூடுங்க". ஒரு கண் மூடவில்லை. அத்தனை ஸ்டிக்கர் ஒட்டியும் முக நரம்பு ஏன் அடிபட்டது என்று இன்னும் புரியவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர்:
மேலே எழுதியவருக்கு: ஸ்டிக்கர் முக நரம்பைக் காட்டாது. கட்டி அதைத் தாள்போல மெலிதாக விரித்துவிடும், வழக்கமான எம்ஆர்ஐயில் தனியாகத் தெரியாது. முகத் தசையில் ஊசி மின்வாய் வைத்து, மெல்லிய மின்சாரத்தால் தூண்டித்தான் அதைத் தேடுகிறோம். நரம்பு அறுபடாமல் இருந்தால் சில மாதங்களில் அசைவு திரும்பலாம். அதுவரை பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் மூடுங்கள். கண் சிவந்தாலோ உறுத்தினாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

செவிலி சொன்னதில் பாதியைத்தான் ஏற்பேன். ஃபிரேம் அசையாமலும் பிழை வரும். தொடக்கத்தில் வரும் அந்த எண், பதிவுசெய்த புள்ளிகள் எவ்வளவு பொருந்தின என்பதை மட்டுமே சொல்கிறது. ஆழத்தில் இருக்கும் பிழையை அல்ல. பாயின்டரால் முகத்தை மட்டும் தடவிப் பதிவுசெய்தால் தலையின் பின்பக்கம் போகப்போகப் பிழை கூடும். அப்புறம், எலும்பு அசையாவிட்டாலும் குடையக் குடைய மிச்சக் கட்டி சரியும். திரையில் இருப்பதோ அறுவைக்கு முன் எடுத்த படம். ஒருமுறை பாயின்டர் கட்டியின் நடுவில் என்று திரை காட்டியது, என் கண்ணெதிரே பார்வை நரம்பு.

பயிற்சி அறுவை மருத்துவர்:
செவிலிக்கு: ஃபிரேம் திருகு இறுகித்தான் இருந்தது, பார்த்தோம். மூக்கு நுனியில் பாயின்டரை வைத்தபோதும் சரியாகவே காட்டியது. அடையாள எலும்பெல்லாம் போன மறு அறுவையில், ஆழத்தில் எதில் வைத்துச் சரிபார்க்கிறீர்கள் டாக்டர் சார்?