கேப்டவுனில் யெல்லோஃபின் சூரை: டிராக் எவ்வளவு? சதை ஏன் வெளிறுகிறது?

டர்பன்_தூண்டில்:
வணக்கம். ஏப்ரல் கடைசியில் நாலு பேர் சேர்ந்து கேப்டவுன் பக்கத்து ஹவுட் பே துறைமுகத்திலிருந்து சார்ட்டர் (வாடகை) படகு எடுக்கிறோம். 50 கிலோ சூரை எங்களுக்குப் புதுசு. சொந்த ராட்தான்: 80 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), முன்னால் 100 பவுண்டு ஃபுளோரோகார்பன் தங்கூசி. ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நூல் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) எவ்வளவு வைக்கலாம்? இன்னொன்று: அங்கிருந்து வரும் சூரையில் சிலது வெளிறி, பாதி வெந்த மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. ஐஸ் போட்டும் ஏன் இப்படி?

ஹவுட்பே_தங்கூசி:
தம்பி, டிராக்கைக் கைக்கணக்கில் வைக்காதீங்க. கொக்கியை ஸ்பிரிங் தராசில் மாட்டி, ராட் வளைந்த நிலையில் இழுத்துப் பாருங்க. பிரெய்டு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 கிலோ. ஸ்பூலில் (நூல் சுற்றிய உருளையில்) நூல் குறையக் குறைய அதே டிராக் தானாகவே இறுகும். 200 மீட்டர் ஓடிவிட்டதே என்று பயந்து டிராக் லீவரைத் தள்ளும்போதுதான் முடிச்சு அறும்.

மத்தித் துண்டுக்கு 8/0 அளவு சர்க்கிள் கொக்கி (முனை உள்பக்கம் வளைந்தது) போதும். கடித்ததும் வெட்டி இழுக்கவே கூடாது. மீன் எடுத்துக்கொண்டு போகட்டும். லீவரை மெதுவாக ஏற்றினால் வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். 7 நாட் வேகத்தில் ட்ரோலிங் (தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டே படகு ஓட்டுவது) போவது மீன் நிற்கும் இடத்தைத் தேடத்தான். கனத்த மீனுக்கு படகை நிறுத்தி, துண்டு துண்டாக மத்தி போட்டுக் காத்திருப்பதே மேல் என்பது என் எண்ணம். கரையோரப் பச்சைத் தண்ணீர் பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர். அங்கே நேரத்தை வீணாக்காதீங்க. நீலத் தண்ணீர் தொடங்கி 18 டிகிரியைத் தொடும் விளிம்பைப் பிடிங்க. இல்லாவிட்டால் ஹேக் மீன் பிடிக்கும் இழுவைப் படகு வலை தூக்கும் இடம். சிதறுவதைத் தின்னச் சூரை பின்னாலேயே நிற்கும். கடல்நாயும் நிற்கும், அதனால் மேலே வந்த மீனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் தலை மட்டும்தான் உங்களுக்கு.

கடைசியில் மீன் படகுக்கு அடியில் வட்டம் போடும். விலகிப் போகும் அரை வட்டத்தில் தாங்கி நில்லுங்க, திரும்பி வரும்போது சுற்றுங்க.

கத்தியும்_ஐஸும்:
சதைக்கு வருகிறேன். சூரை தன் உடம்புச் சூட்டை உள்ளேயே தேக்கி வைக்கும் மீன். நீண்ட இழுபறியில் நடுச்சதை 30 டிகிரியைத் தாண்டும், லாக்டிக் அமிலமும் ஏறும். இரண்டும் சேர்ந்து சதையை உள்ளேயே வேகவைக்கிறது. மேலே ஐஸ் அள்ளிப் போட்டால் தோல்தான் குளிரும், முதுகெலும்போரம் அப்படியே கிடக்கும்.

கேஃப் (மீனைக் குத்தித் தூக்கும் பெரிய கொக்கி) தலையில் மட்டும் விழணும். ஏற்றியதும் ஈரமெத்தையில் கிடத்தி, கண்களுக்கு நடுவே சற்று மேலே உள்ள மெத்தென்ற இடத்தில் கூர்ஊசி இறக்குங்க. துடிப்பு நின்றால் சூடு ஏறுவதும் குறையும். உடனே இரத்தம் வடியணும்: பக்கத்துடுப்பு மடங்கும் பள்ளத்தில் இரு பக்கமும் ஒரு வெட்டு, செவுளுக்குப் பின்னால் உள்ள சவ்வில் ஒரு வெட்டு. பத்து நிமிஷம் கடல்நீர்க் குழாயைப் பிடிங்க. பிறகு செவுளும் குடலும் வெளியே, மீன் ஐஸ் குழம்புக்குள்ளே. ஐஸ் இரண்டு பங்கு, கடல்நீர் ஒரு பங்கு. மீன் எடைக்குக் குறையாத ஐஸ் படகில் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் ஸ்கிப்பரிடம் கேளுங்க.

வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். புளி ஊற்றி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

ஃபீனிக்ஸ்_மாமா:
பெர்மிட் மறக்காதீங்க, தபால் நிலையத்தில் கிடைக்கும். யெல்லோஃபின் ஆளுக்கு நாளைக்கு 10, ஒவ்வொன்றும் 3.2 கிலோவுக்குக் குறையக் கூடாது. பொழுதுபோக்கு பெர்மிட்டில் பிடித்ததை விற்கக் கூடாது, பெட்ரோல் காசுக்கென்றாலும்.

டர்பன்_தூண்டில்:
நன்றி அண்ணா. பக்கத்துடுப்பு வெட்டு எவ்வளவு ஆழம்?

கத்தியும்_ஐஸும்:
துடுப்பின் அடியிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு செ.மீ. ஆழம். சரியாக விழுந்தால் இரத்தம் பீறிடும். கசிந்தால் இன்னும் ஒரு விரல் பின்னால் வெட்டுங்க. அதற்கு மேல் ஆழமாகப் போனால் லாயின் என்கிற நல்ல சதைத் துண்டைத்தான் கெடுப்பீங்க.