வீடு சீரமைப்புக் கடன்: வட்டியில் எவ்வளவு கழிக்கலாம்?

கேள்வி – காவிரிக்கரை

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1994இல் அப்பா கட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தான செட்டில்மெண்ட் மூலம் என் பெயருக்கு வந்தது. மொட்டைமாடித் தட்டோடுகள் பெயர்ந்து, ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டதால், வங்கியில் 8 லட்சம் ரூபாய் சீரமைப்புக் கடன் வாங்கித் தளத்தைச் சரிசெய்ததோடு, ஒரு குளியலறையையும் புதிதாகக் கட்டினோம். 2025-26 நிதியாண்டில் வட்டி மட்டும் 71,000 ரூபாய் ஆகியிருக்கிறது. முழு வட்டியையும் கழித்துக்கொள்ளலாம் என்று வங்கியில் சொன்னார்கள். அலுவலகத்திலோ 30,000 ரூபாய்க்கு மேல் ஏற்க மறுக்கிறார்கள். எது சரி? கடனின் அசலைச் சேமிப்புகளுக்கு வரிக்கழிவு தரும் 80சி பிரிவில் காட்டலாமா? ஆண்டுச் சம்பளம் 11.5 லட்சம். சேமநிதியும் எல்.ஐ.சி.யும் சேர்ந்து 1.5 லட்சம் வருவதால், இந்தக் கழிவுகளைத் தரும் பழைய வரி முறையிலேயே இருக்கிறேன்.

பதில் – பேரேடு

அலுவலகம் சொல்வதே சரி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவின்படி, சொந்தக் குடியிருப்பை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனுக்குத்தான் வட்டிக் கழிவு 2 லட்சம் வரை செல்லும். பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வாங்கிய கடனுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதுவும் அந்த 2 லட்சத்துக்குள் அடங்கியது. குடிபுகுந்த வீட்டைப் புதுப்பிக்கும் செலவை 80சி வெளிப்படையாகவே விலக்குகிறது. அங்குள்ள 1.5 லட்சம் வரம்பும் உங்களுக்குச் சேமநிதி, எல்.ஐ.சி.யிலேயே நிறைந்துவிட்டது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். 11.5 லட்சத்தில் சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலைக்கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், இந்த வட்டி 30,000 எல்லாம் போக 9.2 லட்சம் நிற்கும். அதற்குப் பழைய முறையில் வரியின் மேல் 4% செஸ் சேர்த்து 1,00,360 ரூபாய் வரி. புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 10.75 லட்சம் வருகிறது. 12 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடியில் வரியே இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு புதிய முறையில் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அந்த 30,000 உங்களுக்கு மிச்சப்படுத்துவது 6,240 ரூபாய். அதற்காக ஒரு லட்சம் கட்டுவானேன்? அலுவலகம் பிடித்தம் செய்திருந்தாலும், கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

பதில் – திண்ணை

வரிக்கணக்கு இந்த ஆண்டோடு முடிவதில்லை. வீட்டை என்றாவது விற்றால், 2001 ஏப்ரல் 1க்குப் பின் செய்த மேம்பாட்டுச் செலவை, அப்பா செய்ததையும் சேர்த்து, மூலதன ஆதாயத்திலிருந்து, அதாவது வரிக்குரிய விற்பனை லாபத்திலிருந்து, கழிக்கலாம். தட்டோடு மாற்றியதும் வண்ணம் பூசியதும் வெறும் பராமரிப்பு என்று ஒதுக்கப்படலாம். புதிய குளியலறை அப்படியல்ல.

நான் 2012-13இல் ஓட்டுப் பகுதியைக் கான்கிரீட் தளமாக மாற்றி ஓர் அறையும் எடுக்க 4 லட்சம் செலவழித்தேன். 2024 டிசம்பரில் விற்றபோது, சிமெண்ட், கம்பிக்குக் காசோலையாகக் கொடுத்த 2.6 லட்சத்துக்குத்தான் பாஸ்புத்தகத்தில் தடயம் இருந்தது. கொத்தனார் கூலி முழுவதும் ரொக்கம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், பழைய செலவை விலைவாசிக்கேற்ப உயர்த்தும் பணவீக்கக் குறியீட்டோடு 20% வரி, குறியீடின்றி 12.5% வரி என இரண்டு வழியும் போட்டுப் பார்த்தோம். எனக்கு முன்னதே குறைவாக வந்தது. குறியீடு 200இலிருந்து 363 ஆகியிருந்ததால், சீட்டில்லாத அந்த 1.4 லட்சம் 2.54 லட்சமாகக் கழிந்திருக்கும். அதாவது ஏறத்தாழ 51,000 ரூபாய் வரி அதிகமாகக் கட்டினேன்.

காவிரிக்கரை

இருவருக்கும் நன்றி. புதிய முறையிலேயே தாக்கல் செய்யப் போகிறேன். மேஸ்திரி இதுவரை தந்ததெல்லாம் சிகரெட் அட்டையில் எழுதிய கணக்குகள். நல்லவேளையாக மீதிக் கூலி 15,000 இன்னும் கொடுக்கவில்லை. குளியலறை வேலைக்குத் தனியாக, தேதியும் கையெழுத்தும் இட்ட ரசீதை வாங்கிக்கொண்டு அதை வங்கி வழியாக அனுப்புகிறேன்.